கணுக்கால் சுளுக்கோடு மகள் கல்லூரி மேட்ச் ஆடலாமா?

நியூஜெர்சியில் இருக்கும் ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் பென்சில்வேனியாவில் ஒரு டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கு) கல்லூரியின் கூடைப்பந்து அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, குதித்தவள் இன்னொருத்தியின் பாதத்தின்மேல் இறங்கியதில் வலது கணுக்கால் மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வரும் சனிக்கிழமை ஆடியே தீருவேன் என்கிறாள். "அர்மாண்டோ பேகாட் இரண்டே நாளில் ஃபைனல் ஆடவில்லையா?" என்று அப்பாவை மடக்குகிறாள். (பேகாட், கணுக்கால் மடங்கிய பிறகும் ஆடிய நார்த் கரோலைனா கல்லூரி ஆட்டக்காரர்.) ஊரிலிருந்து பாட்டி, எண்ணெய் போட்டு வழித்துவிடச் சொல்கிறார். "காயத்தோடு ஆடுவது மன உறுதியா, முட்டாள்தனமா? நான் தடுக்கட்டுமா?" இதுதான் கேள்வி.

மன உறுதியைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால், நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு விஷயம் என்று எனக்குப் படுகிறது. இந்தக் காலோடு ஆடினால் கால் மேலும் கெடுமா என்பது ஒன்று. அதைச் சொல்ல வேண்டியது யார் என்பது இன்னொன்று. ஆட ஆசைப்படும் மகளா, ஜெயிக்க வேண்டிய கோச்சா, நாலு மணி நேரம் தள்ளி உட்கார்ந்து கவலைப்படும் நீங்களா? முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இரண்டாவதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்துவிட்டு, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து அத்லெடிக் டிரெய்னர், அதாவது அணியின் காயங்களைக் கவனிப்பவன், ஆனவன். பதினான்கு வருடமாகக் கல்லூரிக் கூடைப்பந்து அணிகளோடு இருக்கிறேன். உங்கள் மகளின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் சனிக்கிழமை ஆடலாம், ஆடக்கூடாது என்ற தீர்ப்பை இங்கிருந்து தர முடியாது. எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

பேகாட்டிலிருந்தே தொடங்குவோம், உங்கள் மகள் அவரைத்தானே சாட்சிக்கு இழுக்கிறாள். 2022 ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் தேசியக் கல்லூரி டோர்னமென்டின் அரையிறுதி. நார்த் கரோலைனாவுக்கும் டியூக்குக்கும் ஆட்டம். கடைசிச் சில நிமிடங்களில் பேகாட்டின் வலது கணுக்கால் மடங்கியது. வெளியே போனவர் சீக்கிரமே திரும்பி வந்து ஆடி முடித்தார். அன்று மட்டும் 21 ரீபவுண்ட். இரண்டு நாள் கழித்து கேன்சஸுடன் இறுதி ஆட்டம். அதிலும் 15 புள்ளி, 15 ரீபவுண்ட். ஒரே டோர்னமென்டில் ஆறு ஆட்டத்திலும் டபுள்-டபுள் (புள்ளியிலும் ரீபவுண்டிலும் பத்துக்குக் குறையாமல்) எடுத்த முதல் ஆள் அவர்தான். இதுவரை மகள் சொல்வது சரி. மீதியையும் அவள் பார்த்திருப்பாள், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். கடைசி நிமிடம். கேன்சஸ் 70-69 என்று ஒரே ஒரு புள்ளி முன்னால் இருக்கிறது. பேகாட் பந்தோடு உள்ளே புகுந்து திரும்புகிறார், கால் மறுபடி மடங்குகிறது, பந்து கைவிட்டுப் போகிறது. எதிர்ப்பக்கம் ஓட முடியாமல் கெந்திக்கொண்டு நின்றவரை வெளியே எடுத்தார்கள். அடுத்த கேன்சஸ் தாக்குதலில், அதுவரை அவர் தடுத்துவந்த டேவிட் மக்கார்மாக் கூடைக்குப் பக்கத்திலிருந்து போட்டதுதான் 72-69. ஆட்டமும் அதே ஸ்கோரில் முடிந்தது. பேகாட் ஆடியது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். அவர் இல்லாமல் அணி அந்தக் கடைசி நிமிடம்வரை வந்திருக்காது. ஆனால் அது சீசனின் கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு காலுக்கு மாதக்கணக்கில் ஓய்வு கிடைத்தது. உங்கள் மகளுக்கு சனிக்கிழமைக்குப் பிறகும் ஆறேழு ஆட்டம் இருக்கும், அதற்குமேல் கான்ஃபரன்ஸ் (அவள் கல்லூரி இருக்கும் லீக்) டோர்னமென்ட் வரும். இரண்டு பேரும் எடுக்கும் ரிஸ்க் ஒன்றல்ல.

சரி, கணுக்காலுக்கு வருவோம். கூடைப்பந்தில் மிக அதிகமாகப் படும் காயம் இதுதான். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்க ஜவ்வு இழுபட்டு, சில சமயம் கிழிகிறது. அங்கே இருக்கும் மூன்று ஜவ்வுகளில் முன்னால் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் போகும். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், ஜவ்வைக் காட்டாது. ஆகவே "எக்ஸ்ரே நார்மல்" என்பது பாதிச் செய்திதான். வீக்கமும் வலியும் ஒன்றிரண்டு வாரத்தில் நன்றாகவே இறங்கிவிடும். ஜவ்வு பழைய பலத்துக்கு வர ஆறு வாரத்திலிருந்து சில மாதம்வரை ஆகும். அதைவிட முக்கியமான ஒன்று, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே மூளைக்குத் தெரிகிற உணர்வு. சுளுக்குக்குப் பிறகு அது மந்தமாகிவிடும், தானாக முழுசாகத் திரும்பாது, பயிற்சி கொடுத்துத்தான் மீட்க வேண்டும். ஒரு முறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்க வாய்ப்பு அதிகம் என்பதில் இந்தத் துறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "இப்போது வலியே இல்லை அப்பா" என்று அவள் சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கால் தயாராவதற்கு முன்பே வலி போய்விடும்.

இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் நான் ஒரு முறை தவறவிட்டேன். என் மூன்றாவது சீசன். எங்கள் அணியில் ஒரு கார்டு, எல்லோருக்கும் முதலில் வந்து டேபிளில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டுவான். பயிற்சியில் அவன் அளவுக்குச் சார்ஜ் வாங்குகிறவன் (பாய்ந்து வரும் எதிராளியின் இடியை நெஞ்சில் ஏற்று நிற்கிறவன்), தரையில் விழுந்து பந்தைப் பிடிக்கிறவன் வேறு யாரும் இல்லை. கணுக்கால் லேசாகப் பிசகியிருக்கிறது, டேப் மட்டும் போட்டுவிடுங்கள் என்பான். நானும் தினமும் சுற்றிவிடுவேன். பாதத்தின் வெளி ஓரத்துக்கு வரும்போது மட்டும் "இங்கே கொஞ்சம் லூஸா" என்பான். மூன்று வாரம் அப்படியே ஓடியது. ஒரு நாள் வார்ம்-அப்பில், பக்கத்தில் ஆளே இல்லாதபோது, சட்டென்று திசை திருப்பி ஒரு கட் எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சுண்டுவிரலுக்கு நேராக வரும் எலும்பு, அடிப்பகுதிக்குச் சற்று முன்னால், ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது முழுசாக முறிந்துவிட்டது. ஷூவைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். கயிற்றை வெளிப்பக்கத்தில் இரண்டு துளை விட்டுவிட்டுக் கட்டியிருந்தான், அந்த இடம் அழுத்தாமல் இருக்க. எத்தனை நாளாக அப்படிக் கட்டிக்கொண்டிருந்தானோ. ஸ்க்ரூ வைத்தார்கள், அந்த சீசன் போனது. அவன் மறைத்தான் என்பது உண்மை. ஆனால் அந்த எலும்பின்மேல் ஒரு தரம் விரலை வைத்து அழுத்தியிருந்தால் அவன் முகம் சொல்லியிருக்கும். அதைச் செய்யாதது என் தவறு. அன்றிலிருந்து யார் காலைத் தொட்டாலும் முதலில் ஷூக் கயிற்றைப் பார்க்கிறேன்.

இங்கே லாக்கர் ரூம்களில் கோச்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உனக்கு வலிக்கிறதா, இல்லை காயமா? வலி என்றால் ஆடு, காயம் என்றால் உட்கார் என்று அர்த்தம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருபது வயதுப் பிள்ளையால் அதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் உள்ளே இருப்பது அவனுக்கும் தெரியாது. ஹேங்க் கேதர்ஸ் என்று ஒருவர் இருந்தார், லயோலா மேரிமவுண்ட் கல்லூரி அணிக்காரர். 1988-89 சீசனில் நாட்டிலேயே அதிகப் புள்ளியும் அதிக ரீபவுண்டும் அவருடையவை. 1989 டிசம்பரில் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றபடியே மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பில் கோளாறு என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை உடம்பை மந்தமாக்குகிறது, தன் ஆட்டம் போகிறது என்று அவருக்குத் தோன்றியது. அளவு குறைக்கப்பட்டது. 1990 மார்ச் 4, தங்கள் சொந்த அரங்கில் ஒரு டங்க் போட்டுவிட்டு ஓடி வந்தவர் விழுந்தார், பிழைக்கவில்லை. வயது 23. பிரேதப் பரிசோதனையில் இதயத் தசை நோய் தெரிந்தது. அவரைவிடத் திடமான ஆட்டக்காரரை அந்தக் காலத்தில் காட்டுவது கஷ்டம். கல்லூரி விளையாட்டுகளில் திடீரென இதயம் நின்றுபோகும் மரணம் விகிதத்தில் அதிகம் நடப்பது ஆண்கள் டிவிஷன் 1 கூடைப்பந்தில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மயக்கம், நெஞ்சு வலி, ஓடும்போது படபடப்பு என்றால் இதயப் பரிசோதனை முடியும்வரை மைதானமே கிடையாது. இதில் பேரம் பேச இடமில்லை.

அதே வரிசையில் தலையும் வருகிறது. மூளை அதிர்ச்சி என்று கண்டறியப்பட்டால் அன்றைக்கு மறுபடி இறங்கக்கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. முழங்கால் "விட்டுப்போகிறது", வழுக்குகிறது என்று சொன்னாலும் ஆட்டம் கிடையாது. பெண்களுக்கு முழங்காலின் முன் குறுக்கு ஜவ்வு கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெய்ஜ் பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில் அப்படிக் கிழிந்தபோது 2022-23 சீசன் முழுவதும் உட்கார்ந்தார். அவசரப்படுத்த முடியாத காயம் அது. 2025 ஏப்ரலில் அதே அணியோடு பட்டம் வென்றார்.

மறுபக்கம், தைரியமாக ஆடக்கூடிய காயங்களும் நிறைய உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2007 மார்ச்சில் டியூக்குக்கு எதிரான ஆட்டத்தில் நார்த் கரோலைனாவின் டைலர் ஹேன்ஸ்ப்ரோவுக்கு முழங்கை பட்டு மூக்கு உடைந்து முகமெல்லாம் ரத்தம். முகக் கவசம் போட்டுக்கொண்டு அடுத்த வாரமே ஆடினார். கவசம் இருக்கும்வரை மூக்கு கெட்டுப்போக வழியில்லை, வலியைத் தாங்க முடிந்தால் போதும். பிசகிய விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது, தொடையில் ரத்தக்கட்டு, தோல் உரிந்த முழங்கை, இவையெல்லாம் அந்த வகை. இதற்கெல்லாம் உட்காருகிறவர்களை அணி மதிக்காது, அதில் நியாயமும் இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட்டில் டாம் இஸ்ஸோ ரீபவுண்ட் பயிற்சிக்கு அமெரிக்கக் கால்பந்துக் கவசங்களைப் போட வைத்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. இடிபட்டு நிற்பது இந்த ஆட்டத்தில் ஒரு திறமை, அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் கால் ஓய்ந்துபோன பிறகும் உடம்பைக் குறுக்கே வைத்து எதிராளியைக் கூடையிலிருந்து தள்ளி நிறுத்துகிறாளே, அங்கேதான் நான் மன உறுதியைப் பார்க்கிறேன். கிழிந்த ஜவ்வின்மேல் நிற்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

உட்கார்ந்ததால் பலன் கிடைத்த கதை ஒன்றும் மகளிடம் சொல்லுங்கள், பாயின்ட் கார்டு என்பதால் அவளுக்குப் பிடிக்கும். 2009இல் நார்த் கரோலைனாவின் பாயின்ட் கார்டு டை லாசன் பயிற்சியில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டார். அதோடு டியூக்குடன் ஆடினார், விரல் வீங்கியது. அடுத்த மூன்று ஆட்டம் உட்கார்ந்தார். அதில் ஒன்று தேசிய டோர்னமென்டின் முதல் ஆட்டம். நடுவில் அணி கான்ஃபரன்ஸ் அரையிறுதியில் தோற்கவும் செய்தது. திரும்பி வந்த ஆட்டத்தில் 23 புள்ளி. மிச்சிகன் ஸ்டேட்டுடனான இறுதி ஆட்டத்தில் 21 புள்ளி, எட்டு ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பறித்த பந்து), பட்டம். உட்கார்ந்ததால்தான் ஜெயித்தார்கள் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் உட்கார்ந்தவர் கோழை என்று அந்த ஊரில் ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது யார் முடிவு செய்வது என்பது. பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்கள் 2016இல் இதை விதியாகவே கொண்டுவந்தன: ஆட அனுமதிப்பது டாக்டரும் டிரெய்னரும் எடுக்கும் முடிவு, கோச் அதில் தலையிட முடியாது. டிவிஷன் 3 கல்லூரிகளிலும் நல்ல இடங்களில் நடைமுறை இதுதான். உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, எனவே உட்கார்ந்தால் படிப்புக்குப் பணம் போய்விடுமோ என்ற பயம் இல்லை. பாதகம், அங்கே ஒரே டிரெய்னர் பல அணிகளைப் பார்ப்பார். வரிசையில் நின்று "நான் ஓகே" என்று சொல்லும் பிள்ளையை இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடும் நாட்களும் உண்டு. நான் அப்படி அனுப்பியிருக்கிறேன். ஆகவே கோச்சிடம் பேசாதீர்கள், மகளுக்கு அது அவமானமாக இருக்கும். மகளைவிட்டே டிரெய்னரிடம் தனியாக இருபது நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். அவள் இருபது வயது ஆள், அவள் அனுமதி இல்லாமல் டிரெய்னர் உங்களிடம் எதுவும் பேசவும் கூடாது.

அந்த இருபது நிமிடத்தில் பார்க்க வேண்டியவை எல்லாமே நல்ல காலோடு ஒப்பிட்டுத்தான். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விடாமல் முழங்காலால் சுவரைத் தொடும்போது, இரண்டு காலும் ஒரே தூரம் போகிறதா? அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை இருபது முறை தூக்க முடிகிறதா? கண்ணை மூடி ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம்? ஒற்றைக் காலில் பக்கவாட்டில் குதித்து இறங்கும்போது தயங்குகிறாளா? கடைசியாக முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, எதிர்த் திசையில் திரும்புவது. இதில் நொண்டினால் பேச்சு அங்கேயே முடிந்தது. இன்னொன்றும் கட்டாயம்: கெண்டைக்காலின் நடுவில் இரண்டு எலும்பையும் சேர்த்து அழுத்தும்போது கணுக்காலுக்கு மேலே வலித்தால், அது சாதாரண வெளிப்பக்கச் சுளுக்கு இல்லை. இரண்டு எலும்பையும் பிணைக்கும் மேல் ஜவ்வு பட்டிருக்கலாம். அதற்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும், சனிக்கிழமையை மறந்துவிட வேண்டியதுதான். சுண்டுவிரல் எலும்பையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், என் தவறு இன்னொரு இடத்தில் நடக்க வேண்டாம்.

சந்தேகத்துக்குரிய பகுதியும் இருக்கிறது. எத்தனை நாள் என்று கேட்டால் நேர்மையான பதில் இல்லை. ஒரே மாதிரி வீங்கிய இரண்டு கால்களில் ஒன்று பத்து நாளில் திரும்பும், இன்னொன்று ஐந்து வாரம் எடுக்கும். முதல் இரண்டு நாள் வீக்கத்தில் கிழிசலின் அளவைச் சரியாகச் சொல்ல முடியாது, நாலைந்து நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால்தான் ஓரளவு தெளிவாகும். ஐஸ் வலியைக் குறைக்கும், குணமாவதை வேகப்படுத்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சீக்கிரம் திரும்பியதால் மட்டும் கணுக்கால் நிரந்தரமாகத் தளர்ந்துவிடுமா என்பதிலும் அப்படித்தான். பயிற்சி செய்யாமல் விடுவதுதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம், அது அனுபவம் மட்டுமே. ஆட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடுவதை நான் அனுமதிப்பதில்லை. ஆட மாத்திரை தேவைப்படுகிறது என்றால் அதுவே பதில்.

கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசலாம். விஸ்கான்சினில் 1,460 உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வந்தது. கயிறு கட்டும் பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பட்ட காயத்தின் கடுமை மட்டும் குறையவில்லை. டேப் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே தளர ஆரம்பித்துவிடும், பிரேஸை டைம்-அவுட்டில் மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். அதனால் பிரேஸுக்கு என் ஓட்டு. பாட்டியிடம், எண்ணெய் மெதுவாகத் தடவுகிறோம், வழித்து இழுப்பது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் ஜவ்வை அது மறுபடி இழுக்கும்.

சோதனையில் தேறி சனிக்கிழமை இறங்கினால், முதல் நாளே முப்பது நிமிடம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் என்று டிரெய்னர் முன்கூட்டியே கோச்சிடம் சொல்லிவிடட்டும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காலை ஐஸ் வைப்பதற்கு முன்னால் இரண்டு கணுக்காலையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோவும், கட்டிலிலிருந்து இறங்கி நடக்கும் முதல் பத்து அடிக்கு ஒரு வீடியோவும் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை காலையும் அதே போல எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு வீக்கம் கூடியிருந்தாலோ, தாங்கித் தாங்கி நடந்தாலோ, அதை அவளே டிரெய்னரிடம் காட்டட்டும். அடுத்த ஆட்டம் பெஞ்ச்.